பன்னிரண்டாவது திருத்தம்

எங்களிடம் இருக்கும் ஆக்சிஜன் மெஷின்கள் ஏழும் கணினியைப் பொறுத்தவரை நூல்கள். தண்ணீர் மெத்தைகளும் சக்கர நாற்காலிகளும் தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில்களும் நூல்கள்தான். அவற்றை வாங்கிப் போகும் குடும்பத்தார் வாசகர்கள். கட்டிலுக்கு ஆசிரியர் பெயர் கேட்கும். நன்கொடை கொடுத்தவர் பெயரைப் போட்டுவிடுவோம். பக்கங்கள் எத்தனை என்று கேட்கும், எடையைப் போட்டுவிடுவோம்.

இதற்கெல்லாம் நானே பொறுப்பு. பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் முப்பத்தோரு ஆண்டுகள் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் சிலர் வந்து, நோயாளி இருக்கும் வீடுகளுக்கு உபகரணங்களை இரவல் கொடுக்கிறோம், எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தவிக்கிறோம், ஒரு வழி சொல்லுங்கள் என்று கேட்டால் அவன் நூலகத்தைத்தான் சொல்வான். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து நிறுவிக்கொள்ளக்கூடிய நூலக மென்பொருள் ஒன்று எனக்குப் பழக்கம். அதை வண்ணார்பேட்டையில் பாத்திரக் கடைக்கு மேலே உள்ள எங்கள் மாடி அறையில், ஒரு பழைய கணினியில் நானே நிறுவினேன். கெட்டுப்போனால் புகார் சொல்ல எந்த நிறுவனமும் கிடையாது. எங்கள் கணினி, எங்கள் அறை, எங்கள் தலையெழுத்து.

நூலகத்துக்கென்று செய்த சட்டையைக் கட்டிலுக்குப் போட்டால் சில இடங்களில் பிடிக்கும், சில இடங்களில் தொங்கும். ஆகவே மென்பொருளில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தம் செய்தேன். தாமதக் கட்டணத்தை எடுத்தது முதல் திருத்தம். இரண்டாவது தொலைபேசி எண்ணைக் கேட்கும் கட்டத்தை எடுத்தது ஏழாவது. எல்லோரும் முதல் எண்ணையே திரும்பவும் எழுதிக்கொண்டிருந்தார்கள். வெட்டி வேலை என்று நீக்கினேன். அதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும். ஒன்பதாவது திருத்தத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஒரு வீட்டில் துக்கம் என்று தகவல் வந்து அதைப் பதிந்துவிட்டால், பதினாறு நாட்களுக்கு அந்த வீட்டுக்கு எங்களிடமிருந்து எந்தக் குறுஞ்செய்தியும் போகாது. பதினாறாம் நாள் விசேஷம் கழியாமல் இரவல் பொருளைத் திருப்பிக் கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. மென்பொருளை எழுதிய வெளிநாட்டார் யாருக்கும் இது தோன்றியிருக்க வழியில்லை.

மொத்தம் பதினொரு திருத்தங்கள். ஒவ்வொன்றையும் நீள நோட்டு ஒன்றில் தேதி, காரணம், எந்தக் கோப்பு, எந்த வரி என்று எழுதி வைத்திருந்தேன். நூலகத்தில் புத்தக வரவுப் பதிவேட்டைப் பென்சிலால் எழுதிய உதவியாளரை நான் ஒருமுறை ஒரு வாரம் பேசாமல் தண்டித்திருக்கிறேன். எழுதாத வேலை செய்யாத வேலை என்பது என் கட்சி.

பன்னிரண்டாவதை நான் எழுதவில்லை.

அது விக்கிரமசிங்கபுரத்து வாசகர் ஒருவருக்காகச் செய்தது. பாபநாசத்துக்குப் போகிற வழியில் உள்ள அந்த ஊரில், நூல் மில்லில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவர். பஞ்சு அவர் நெஞ்சுக்குள் போய்விட்டது. குளிக்கிற நேரம் தவிர மெஷின் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் மூன்றாம் எண் மெஷின் அப்போது அவரிடம் இரண்டு வருஷமாக இருந்தது.

நூலக வழக்கம் ஒன்று உண்டு. புத்தகம் ஒருவரிடம் இருக்கும்போது வேறொருவர் அதைக் கேட்டுப் பதிவு செய்தால், வைத்திருப்பவருக்கு உடனே ஒரு நினைவூட்டல் போகும்: மற்றொரு வாசகர் காத்திருக்கிறார், திருப்பித் தரவும். நல்ல வழக்கம். அதை வைத்து நான் எத்தனையோ பேராசிரியர்களின் அலமாரியைக் காலி செய்திருக்கிறேன். அந்த நினைவூட்டல் ஒரு நாள் விக்கிரமசிங்கபுரத்துக்குப் போய்விட்டது. அவர் மனைவி கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார், பக்கத்து அறையில் கேட்கக்கூடாது என்பதற்காக.

"அண்ணாச்சி, இவுக மெசேஜைப் பாக்கதுக்கு முன்னால நான் அழிச்சிட்டேன். இன்னொருக்க அனுப்பாதீங்க. இவுக குணம் உங்களுக்குத் தெரியாது. கேட்ட பொருளை ஒரு நாழி வச்சிருக்க மாட்டாக."

வெட்கமாக இருந்தது. ஓர் ஆளின் மூச்சை இன்னொருவருக்கு முன்பதிவு செய்யும் ஏற்பாட்டை நான் மூன்று வருஷமாக நடத்தியிருக்கிறேன். உடனே உட்கார்ந்து மென்பொருளின் மூல நிரலில் நேரடியாகக் கைவைத்தேன். ஆக்சிஜன் மெஷின் என்றால் அந்த நினைவூட்டல் கிளம்பவே கூடாது. காத்திருப்பவருக்கு அலமாரியில் சும்மா இருக்கும் மெஷின்தான் போகும். நாலு வரி. மூல நிரலில் நேரடியாகக் கைவைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம்; புதிய பதிப்பு ஏறினால் அந்த மாற்றம் அழிந்துபோகும். பிறகு முறைப்படி மாற்றிக்கொள்ளலாம், அப்போது நோட்டிலும் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்தச் சமயத்தில் கீழே வேனில் ஒரு கட்டில் வந்திறங்கியது. ஆள் பற்றவில்லை என்று கூப்பிட்டார்கள். போனேன். அதற்குப் பிறகு அதை நினைக்கவில்லை.

இரண்டு வருஷம் ஓடிற்று. குறுஞ்செய்திகளை எங்களுக்காக அனுப்பிக்கொடுக்கும் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. பழைய வழியை மாதக் கடைசியோடு மூடுகிறார்களாம். புதிய வழியோ எங்கள் மென்பொருளின் புதிய பதிப்பில்தான் வேலை செய்யும். நாங்கள் ஆறு பதிப்பு பின்தங்கியிருந்தோம்.

எங்கள் மெஷின்களைப் பழுது பார்ப்பவர் உவரிக்காரர். கப்பல் எஞ்சினியராக இருந்து கரையேறியவர், இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக மாடி அறைக்கு வந்துவிடுவார். ஐந்தாம் எண் மெஷினைப் பிரித்துப் போட்டு இரண்டு வாரமாகியிருந்தது. ஒரு வால்வு வரவேண்டும் என்பார், பிறகு வந்த வால்வு சரியில்லை என்பார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஓடுத எஞ்சினை எதுக்குவே கழட்டுதீரு?"

கழற்றாவிட்டால் செய்தி போகாது என்றேன்.

"போகாட்டா போகட்டும். ஒரு மாசம் சனங்க நிம்மதியா இருப்பாங்க."

அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஆனால் செய்தி போகாவிட்டால் மெஷின் திரும்பாது. திரும்பாவிட்டால் அடுத்த வீட்டில், படுத்தால் மூச்சு முட்டும் ஓர் ஆள் உட்கார்ந்தபடியே தூங்குவார். அந்த வரிசையை நான் தினமும் பார்க்கிறவன்.

முறைப்படி செய்தேன். பேக்கப் மூன்று எடுத்தேன். ஒன்று அறையில், ஒன்று என் வீட்டில், ஒன்று எஞ்சினியர் வீட்டு அலமாரியில் மாதா படத்துக்குக் கீழே. பேக்கப் எடுத்தவன் பலர், அதிலிருந்து மீட்டுப் பார்த்தவன் சிலர். நான் மீட்டும் பார்த்தேன். என் மகள் தூக்கிப்போட வைத்திருந்த மடிக்கணினியில் ஒரு சோதனை நகலை நிறுவி, புதிய பதிப்பை அதில் ஏற்றி, பதினொரு திருத்தங்களையும் நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதினேன். எழுதியதற்கு எதிரே பச்சை மையில் டிக். சோதித்ததற்கு எதிரே சிவப்பு மையில் டிக்.

சோதனை நகலில் செய்தி அனுப்பும் வழியை அடைத்துவிடவேண்டும் என்பது விதி. உண்மையான மனிதர்களுக்குச் சோதனைச் செய்தி போய்விடக் கூடாது அல்லவா? அடைத்தேன். விதியை நான் அவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றியதால், எந்தச் செய்தி கிளம்பும், எது கிளம்பாது என்பதைப் பார்க்கும் வாய்ப்பும் அடைபட்டுப்போனது.

இன்னொரு வழியும் இருந்தது. எங்கள் பழைய நிரலையும், மாற்றமே செய்யாத அசல் நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கெல்லாம் வேறுபடுகிறது என்று கணினியையே வரி வரியாகச் சொல்லச் சொல்லலாம். அரை மணி நேர வேலை. நோட்டுப் புத்தகம் எழுதாதவர்களுக்கான வழி அது என்று நினைத்தேன்.

ஆனாலும் அந்த வாரம் முழுக்க எனக்குள் ஏதோ இடித்துக்கொண்டே இருந்தது. டவுனில் காய்கறி வாங்கும்போது, பாங்கில் வரிசையில் நிற்கும்போது, பதினொன்றையும் விரல் விட்டு எண்ணுவேன். சரியாக இருக்கும். கணக்கு சரியாக வந்த பிறகும் இன்னொரு விரல் தனியாக நிற்பது போல இருக்கும். மனைவியிடம் சொன்னேன். கேஸை அணைத்தோமா என்று பாதித் தூரம் போய்த் திரும்பி வருகிற ஆள்தானே நீங்கள், என்றாள். அது உண்மை. ஒருமுறை சங்கரன்கோவில் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். கேஸ் அணைந்துதான் இருந்தது. ஆகவே என் பதற்றத்தை நானே நம்பவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். கடைகள் அடைத்திருந்ததால் தெருவில் பஸ் சத்தம் மட்டும்தான். எஞ்சினியர் ஜன்னலோரம் ஐந்தாம் எண் மெஷினின் வயிற்றுக்குள் கைவிட்டுக்கொண்டிருந்தார். புதிய பதிப்பு ஏறியது. பதினொரு திருத்தங்களும் ஏறின. நூல்கள் வந்தன, வாசகர்கள் வந்தார்கள், துக்க வீடுகள் இரண்டும் அவற்றின் மௌனத்தோடு வந்து சேர்ந்தன. பத்து மணிக்குச் செய்தி வழியைத் திறந்தேன்.

தேங்கிக் கிடந்த செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. திரையில் எண், நேரம், வாசகம். கட்டில் ஒன்று நாளை மறுநாள் திரும்பவேண்டும். சக்கர நாற்காலி வாங்கியவருக்கு நன்றி. நான் ஒவ்வொன்றையும் படித்துக்கொண்டே வந்தேன். பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்று போனது.

"தாங்கள் பெற்றுள்ள 'ஆக்சிஜன் மெஷின் 3' என்ற நூலை மற்றொரு வாசகர் கேட்டுள்ளார். நாளை மாலைக்குள் திருப்பித் தரவும்."

எண்ணைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. தனியாக நின்ற விரல் எது என்று தெரிந்துவிட்டது.

முந்தின நாள் நாங்குநேரியிலிருந்து ஒரு குடும்பம் மெஷின் கேட்டுப் பதிந்திருந்தது. அலமாரியில் சும்மா இருக்கும் மெஷின் எதுவும் இல்லை. புதிய பதிப்பு அதன் இயல்புப்படி, யார் கையில் அதிக நாள் இருக்கிறது என்று தேடி, நாலு வருஷம் வைத்திருந்தவரைப் பிடித்துக்கொடுத்துவிட்டது. அதன்மேல் தப்பே சொல்ல முடியாது. புத்தகமாக இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அந்த வீட்டில் இருப்பது ஒரு போன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி சந்தைக்குப் போய்விடுவார். போன் வீட்டில் கணவரிடம் இருக்கும். பேசினால் மூச்சு வாங்கும் என்று அவர் எந்த அழைப்பையும் எடுப்பதில்லை. செய்தி மட்டும் படிப்பார். நாள் முழுக்கச் சும்மா இருக்கிறவர், வந்த செய்தி ஒன்றையும் விடமாட்டார். பக்கத்து வீட்டு எண், மகன் எண், ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று அவருடைய பதிவைத் திறந்தேன். இரண்டாவது எண்ணுக்கான கட்டத்தைத்தான் நான் நீக்கிவிட்டேனே. ஏழாவது திருத்தம். நோட்டில் இரண்டு நிறத்திலும் டிக் இருந்தது.

என் சொந்தப் போனிலிருந்து, அந்தச் செய்தி தவறுதலாக வந்தது, பொருட்படுத்த வேண்டாம், மெஷினை நிறுத்த வேண்டாம் என்று அடித்து அனுப்பினேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். இல்லை.

எஞ்சினியர் எழுந்து கையைத் துடைத்தார். விஷயத்தை முழுதாகக் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, வேன் சாவியை எடுத்துவிட்டார். பேட்டை தாண்டிய பிறகுதான் அவரிடம் விவரம் சொன்னேன். அவர் சாலையைப் பார்த்தபடியே, எத்தனை மணிக்குப் போச்சு என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு வேகம் கூடியது.

சேரன்மகாதேவி வரை நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வழியில் ஒரு ரயில்வே கேட் அடைத்திருந்தது. அந்த ரயில் வர எவ்வளவு நேரம் எடுத்தது என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆகவே சொல்லவில்லை. நெல் லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் மெஷினை நிறுத்தமாட்டார் என்பதற்கான காரணங்களை எனக்குள் வரிசையாக அடுக்கினேன். நாளை மாலை வரை நேரம் இருக்கிறது. மனைவி வராமல் அவரால் பெட்டியை நகர்த்த முடியாது. உயிர் மேல் ஆசை இல்லாத மனிதர் உண்டா? ஒவ்வொரு காரணமும் நன்றாகத்தான் இருந்தது. அவர் மனைவி அன்று தாழ்ந்த குரலில் சொன்னது மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது.

"உம்ம கம்ப்யூட்டர்ல இதைத் தடுக்க வழி இல்லையா?" என்றார் எஞ்சினியர்.

இருந்தது, நான் எழுதி வைக்கவில்லை என்றேன்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கல்லிடைக்குறிச்சி தாண்டி ஆற்றுப் பாலம் ஏறும்போதுதான் பேசினார்: "கப்பல்ல நானும் ஒண்ணு எழுதாம விட்டிருக்கேன். பெறவு சொல்லுதேன்." இன்றுவரை சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அந்த வீட்டுக்கு முன்னால் வேன் நின்றது. கதவு திறந்திருந்தது. மெஷின் வாசல் அறையில், கதவுக்கு நேரே நின்றுகொண்டிருந்தது. ஈரத் துணியால் துடைத்த பளபளப்பு. மின்கம்பியைச் சுருட்டிச் சணலால் கட்டியிருந்தது. மூக்கில் மாட்டும் குழாயை வளையமாகச் சுருட்டி ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள் போட்டு மேலே வைத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர். சட்டையைக் கழுத்துப் பித்தான் வரை போட்டிருந்தார். இரண்டு கைகளையும் முழங்கால்களில் ஊன்றி, தோள்களை உயர்த்தி, வாயால் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். உதடு கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. அவர் மனைவி சந்தைப் பையை அப்படியே கீழே விட்டுவிட்டு அந்தச் சணல் முடிச்சைப் பல்லால் அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அப்போதுதான் வந்திருக்கவேண்டும். பை சரிந்து வெண்டைக்காய் தரையில் கிடந்தது.

எஞ்சினியர் கத்தியால் முடிச்சை அறுத்தார். பிளக்கை மாட்டினார். மெஷின் உறுமி, ஒரு பீப் போட்டு, ஓட ஆரம்பித்தது. குழாயை அவர் மூக்கில் மாட்டும்போது அவர் கையால் தடுத்தார். பலம் இல்லாத தடுப்பு. எஞ்சினியர், "சும்மா இரும்வே" என்று சொல்லி மாட்டிவிட்டார். அதற்கு முன்னால் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

இருபது நிமிடம் நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி வெண்டைக்காய்களைப் பொறுக்கினார். பொறுக்கியதை மறுபடி பையிலிருந்து எடுத்து எண்ணுகிறவர் போல மடியில் வைத்துக்கொண்டார். என்னை ஒருமுறை பார்த்தார்.

நிறம் மெல்லத் திரும்பியதும் நான் மன்னிப்புக் கேட்கும் குரலில் எல்லாம் சொன்னேன். மென்பொருளைப் புதுப்பித்தோம், அதில் ஒரு தவறு, அந்தச் செய்தி வந்திருக்கவே கூடாது, நான் பிறகு அனுப்பிய செய்தியைப் பார்க்கவில்லையா?

"பாத்தேன்," என்றார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தி மூச்சு எடுத்தார். "அது உங்க சொந்த நம்பரு. இது ஆபீஸ் பேருல வந்தது. மில்லுல நோட்டீஸ் போர்டுல ஒட்டுனதை நோட்டீஸ் போர்டுலதான் ரத்து பண்ணணும், சார்வாள். வாய்ச்சொல் செல்லாது."

முப்பத்தோரு வருஷம் நான் உதவியாளர்களுக்குச் சொன்ன பாடம். அதை நெஞ்சில் பஞ்சு அடைத்த ஒருவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கேன். மெஷின் தப்பா சொல்லிட்டுங்கீங்க. அப்பம், காத்திருக்கதா சொன்ன ஆளு பொய்யா?"

பொய் என்று சொல்லியிருக்கலாம். அவர் மனைவி அதைத்தான் சொல்லச் சொல்லி என்னையே பார்த்தார். நாங்குநேரியில் ஓர் ஆள் காத்திருக்கிறார் என்று சொன்னேன்.

"அதைத்தான் கேட்டேன்." மூக்கிலிருந்த குழாயைத் தொட்டுப் பார்த்தார். "நான் இன்னொரு ஆள் மூச்சுல இருக்கக் கூடாதுல்லா."

எனக்குத் தெரிந்த எல்லா விதியும் அவர் பக்கம் இருந்தது. காத்திருப்போர் வரிசை என்பதை உண்டாக்கியதே என்னைப் போன்றவர்கள்தான்.

எஞ்சினியர் வாசற்படியில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார். "நாங்குநேரிக்கு அஞ்சாம் நம்பர் போகுது. இன்னைக்குச் சாயங்காலம். வால்வு பைய மாத்திக்கலாம்னு சோம்பலா இருந்தது நான்தான். இவரு மேல தப்பு பாதி, என் மேல மீதி. உம்ம மேல ஒண்ணும் இல்ல."

அவர் எஞ்சினியரை உற்றுப் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. மனைவியிடம் மேஜையிலிருந்து ஏதோ எடுக்கச் சொன்னார். கோடு போட்ட தாள் ஒன்று வந்தது. செய்தி வந்ததும், மெஷினை நிறுத்துவதற்கு முன்பு, எழுதியிருக்கிறார். அனுப்புநர், பெறுநர், பொருள். 'மூன்றாம் எண் மெஷினை நல்ல நிலையில் ஒப்படைக்கிறேன். நாலு வருஷம் வைத்திருந்ததற்கு நன்றி. பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை தரவும்.' மில்லில் தொழிற்சங்கத்துக்கு மனு எழுதிக்கொடுத்தவர் கையெழுத்து, கடைசி இரண்டு வரி மட்டும் சரிந்து இறங்கியிருந்தது. அதை வாங்கி, 'ஒப்படைக்கிறேன்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'புதுப்பிக்க வேண்டுகிறேன்' என்று எழுதி, என்னிடம் நீட்டினார்.

"எத்தனை நாளைக்குக் குடுப்பீங்க?"

தேதி எதுவும் வேண்டாம், அது உங்களிடமே இருக்கட்டும் என்றேன்.

"தேதி இல்லாம எவனாவது இரவல் குடுப்பானா? உங்க லைப்ரரியில எத்தனை நாளு?"

பதினான்கு என்றேன்.

"பதினாலு போடுங்க. பதினஞ்சாம் நாளு கேட்டு வாங்கிக்கிடுதேன். எனக்கும் ஒரு கணக்கு வேணும்லா."

போட்டேன். கையெழுத்தும் தேதியும். அவர் மனைவி கதவுக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

எஞ்சினியர் சொன்னபடி அன்று மாலை ஐந்தாம் எண் நாங்குநேரிக்குப் போனது. மூன்று வாரமாக வராத வால்வு மூன்று மணி நேரத்தில் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. நான் அந்த நாலு வரியைப் புதிய பதிப்பில் முறைப்படி எழுதினேன், இம்முறை மூல நிரலைத் தொடாமல். பழைய நிரலையும் அசலையும் அரை மணி நேரம் செலவழித்து ஒப்பிட்டேன். பதின்மூன்றாவது எதுவும் இல்லை. இரண்டாவது தொலைபேசி எண்ணின் கட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன். நோட்டில் ஏழாவது திருத்தத்தை அடித்துவிட்டு, பன்னிரண்டாவதைத் தேதியோடும் காரணத்தோடும் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் நிறைய நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, 'விக்கிரமசிங்கபுரம்' என்று மட்டும் எழுதினேன்.

மூன்றாம் எண்ணுக்கு மட்டும் தவணைத் தேதி உண்டு. மற்ற ஆறு மெஷின்களுக்கு இல்லை. பதினான்கு நாளுக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அவர் எங்கள் அறைக்கு மிஸ்டு கால் கொடுப்பார். இரண்டு முறை மணி அடித்து நின்றுவிடும். பேசினால் மூச்சு வாங்கும். இரண்டு முறை அடித்தால் அர்த்தம் புதுப்பிக்க வேண்டுகிறேன் என்பது. நான் பொத்தானை அழுத்துவேன். ஆபீஸ் பெயரில் அவருக்குச் செய்தி போகும். அது நோட்டீஸ் போர்டு.

இந்த ஏற்பாட்டில் என்ன பிழை என்று எனக்கு இரண்டாவது முறையிலேயே தெரிந்துவிட்டது. தேதி இல்லாதிருந்தபோது நான் எந்த ஞாயிற்றுக்கிழமையும் கடிகாரத்தைப் பார்த்ததில்லை. இப்போது ஒன்பதரைக்கே பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன். எஞ்சினியர் பூசை முடிந்ததும் வேலை இருக்கிறதோ இல்லையோ வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை பத்து அடித்தது. போன் அடிக்கவில்லை. பத்தே கால். கீழே அடைத்திருந்த பாத்திரக் கடைக்குள் யாரோ எதையோ கழுவிக் கவிழ்க்கிற சத்தம். நான் அவருடைய பதிவைத் திறந்து வைத்திருந்தேன். புதுப்பிக்கும் பொத்தான் திரையில் இருந்தது. நானாகவே அழுத்திவிடலாம், எந்த விதியும் தடுக்காது. அழுத்தவில்லை. எஞ்சினியர் கையில் திருப்புளியை வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் திருகிக்கொண்டிருந்தார்.

பத்து இருபத்தைந்துக்கு அடித்தது. ஒன்று. இரண்டு. நின்றது. அழுத்தினேன்.

"வந்துட்டா?" என்றார் எஞ்சினியர், ஜன்னல் பக்கமே பார்த்தபடி.

"வந்துட்டு," என்றேன்.